போட்டுக் காட்டும் நாள்

எங்கள் பள்ளிக்கூடத்தின் தையல் டீச்சர் என் அண்ணன் மனைவி. உறவு முறைக்கு அண்ணி. வயதில் என்னைவிட இரண்டு மாதம் சின்னவள். அதனால் வீட்டில் 'நீ' என்பேன், பள்ளிக்கூடத்தில் நாலு பேருக்கு முன்னால் 'நீங்க' என்பேன், கோபம் வந்தால் இடம் பொருள் பார்க்க மாட்டேன். நான் அங்கே ஆபீஸ் கிளார்க். வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், தொலைந்துபோன தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் என் பொறுப்பு. அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் நான். என் அண்ணன் தலையில் கட்டியவளும் நான். இரண்டுக்குமாக என்னை அடிக்கடி திட்டுகிறார்கள், வேறு வேறு ஆட்கள்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கிற நீள அறைதான் அவளுடைய ராஜ்யம். ஆறு தையல் மெஷின்கள். அதில் நாலு ஓடும், ஒன்று மனது வைத்தால் ஓடும், ஆறாவதின் மேல் பூந்தொட்டி இருக்கிறது. மாணவர்கள் படிகளில் தடதடவென்று இறங்கும்போதெல்லாம் கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிரும். அண்ணியின் கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்கும். பேங்குக்குப் போனாலும் அதைக் கழற்ற மாட்டாள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பாடம் நடத்துவாள். பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு புரிகிறது. என் அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருக்கிறான்.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கோணல் தையலைப் பார்த்தால் பேசவே மாட்டாள், சர்ரென்று பிரித்துப் போட்டுவிடுவாள். ஒருமுறை ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் சட்டைக் காலரைப் பார்த்துக் கை துறுதுறுத்து, "இதைக் கழட்டிக் கொடுங்க, ரெண்டு நிமிஷம்," என்று கேட்டுவிட்டாள். நான் வேறு கடைக்கு வந்தவள் மாதிரி நின்றுகொண்டேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றோரத்து ஊர்களில் வெள்ளம் வந்தது. ஊர் ஊராகத் துணி மூட்டைகள் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்து அடுக்க ஆள் கேட்டார்கள் என்று அண்ணி கிளம்பினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய கிடங்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு நாள் பிரித்தோம். ஒற்றைச் செருப்பு மட்டும் பதினேழு. ஜிப் போன பேன்ட்கள். வளையத்தோடு கழற்றிப் போட்ட ஜன்னல் திரைகள். ஒரு கோட்டுப் பையில் பாதி தின்ற பிஸ்கட். யாரோ ஒரு புண்ணியவான் நீச்சல் உடை அனுப்பியிருந்தார்.

"வெள்ளத்துக்கு இதுதான் பொருத்தம்னு நினைச்சிருப்பாரோ?" என்று கேட்டேன்.

அண்ணி சிரிக்கவில்லை. தையல் விட்ட ஒரு குழந்தைக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு, "குப்பைத்தொட்டி தூரமா இருந்திருக்கு, அதான் இங்க போட்டிருக்காங்க," என்றாள். அப்போது அவள் மூக்கு சிவந்திருந்தது. அது தூசியால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடமும் ஒன்றும் யோக்கியம் இல்லை. குளிர்காலம் தொடங்கும்போது வாசலில் பெட்டி வைப்போம். ஒவ்வொரு வகுப்பும் எத்தனை துணி கொடுத்தது என்று பலகையில் எழுதுவோம். நிறையக் கொடுத்த வகுப்புக்குக் கேடயம். கேடயத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிற கந்தலையெல்லாம் வாரிக்கொண்டு வருவார்கள். ஒரு வருஷம் ஒற்றைக் காலுறைகளாலேயே ஒரு வகுப்பு ஜெயித்தது. லாரிக்காரர் வந்து, மலைப்பக்கத்து ஊர்களுக்கு ஏற்றிக்கொண்டு போவார். அங்கே அதை வைத்து என்ன செய்தார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. கைதட்டி முடித்தாயிற்று, அவ்வளவுதான்.

வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் அண்ணி நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பெட்டியை மூடச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். பழமொழிப் பைத்தியம் மட்டும்தான் அவரிடம் ஒரே குறை.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்மா," என்றார்.

"வாங்குறவங்க பார்க்கக் கூடாது சார். கொடுக்குறவங்க பார்த்துட்டுத்தானே கொடுக்கணும்?" என்றாள் அண்ணி.

பழமொழியைத் திருப்பிப் போட்டதில் அவர் அசந்துவிட்டார். அந்த அசந்த நேரத்தில் அவள் தன் சட்டத்தைச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். சட்டம் இதுதான்: யார் எதைக் கொடுக்கப்போகிறார்களோ, அதை அவர்கள் ஒரு நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டு வர வேண்டும். முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை. சின்னதாகிப்போன துணி என்றால் நெஞ்சில் ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டு வரலாம். நாலு பேருக்கு முன்னால் போட வெட்கமாக இருந்தால் அது கொடுக்கிற துணி இல்லை, துடைக்கிற துணி. ஆசிரியர்களுக்கும் இதே சட்டம். கேடயம் கிடையாது.

"ஒரு பிள்ளையும் வராது, பாரு," என்றேன் நான். ஜோசியம் என் தொழில் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்தது.

போட்டுக் காட்டும் நாளுக்கு முந்தின நாள் தையல் அறை வாசலில் வரிசை நின்றது. பொத்தான் இல்லாத சட்டைக்குப் பொத்தான் வேண்டும், கிழிந்த பைக்கு ஒட்டுப் போட வேண்டும். "நான் தைக்க மாட்டேன். நூல் தர்றேன், ஊசி தர்றேன், நீயே தை," என்று உட்கார வைத்துவிட்டாள் அண்ணி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சிரத்தையாகத் தைத்தான். எழுந்தால் சட்டையும் கூடவே எழுந்தது. போட்டிருந்த பேன்ட்டோடு சேர்த்துத் தைத்திருந்தான்.

மறுநாள் காலையில் வாசலைப் பார்த்தால் துணி காயப்போட்ட கொடி நடந்து வருகிற மாதிரி இருந்தது. சின்ன அளவு சட்டைகளை நெஞ்சில் குத்திக்கொண்டு பெரிய பையன்கள். அக்காவின் கவுனில் தடுக்கி விழும் வாண்டுகள். விளையாட்டு ஆசிரியர் மஞ்சள் பேன்ட் போட்டு வந்தார். அவர் அதைக் கொடுக்க முடிவெடுத்ததில் அவர் மனைவிக்கு எத்தனை சந்தோஷம் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தலைமையாசிரியர் தன் கல்யாணக் கோட்டோடு வந்தார். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. நானும் ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை போட்டுப் போனேன். "நல்லாயிருக்கே, இதை ஏன் கொடுக்கறீங்க?" என்று மூன்று பேர் கேட்டதும் கொடுக்க மனசு வராமல் அன்று முழுக்க அவஸ்தைப்பட்டேன். கொடுத்தபோது உண்மையாகவே எதையோ கொடுத்த மாதிரி இருந்தது. வயது நாற்பது தாண்டி எனக்கு அது முதல் தடவை.

அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அந்த நாளுக்குப் பிள்ளைகள் காத்துக்கிடந்தார்கள். துணி எண்ணிக்கையில் பாதிதான்; ஆனால் லாரிக்காரரே ஒன்றைப் பிரித்துப் பார்த்து, "எங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒண்ணு வாங்கணும்," என்றார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஆசை வந்து, சனிக்கிழமைகளில் தாங்களாகவே வந்து ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைக்க ஆரம்பித்தார்கள். அண்ணி நிலத்தில் கால் பாவாமல் நடந்தாள். நான்கூட அவளைப் பற்றி வெளியில் பெருமையாகப் பேசினேன். அவள் காதுபட இல்லை.

போன வருஷம்தான் நாங்கள் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம்.

அந்த முறை போட்டுக் காட்டும் நாள் ஒரு புதன்கிழமை வந்தது. அன்றைய கதாநாயகி ஏழாம் வகுப்பு லீடர். கழுத்து நீண்ட ஒட்டகச்சிவிங்கி ஒன்று வயிற்றில் தொடங்கித் தோள் வரை ஏறி எட்டிப் பார்க்கிற கம்பளிச் சட்டையைப் போட்டு வந்திருந்தாள். பள்ளிக்கூடமே திரண்டு போய்ப் பார்த்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் அதற்குப் புல் கொடுத்தார்கள். அதே வகுப்பில் வாயாடி என்று ஒரு பெண். பெயருக்கு ஏற்ற வாய். ஜன்னலோர இடம் யாருக்கு என்பதில் தொடங்கி, பலகையை யார் அழிப்பது என்பது வரை லீடரோடு தினம் ஒரு சண்டை. "உன் ஒட்டகச்சிவிங்கிக்கு மாறுகண்ணு," என்று அன்றைக்கும் சண்டை போட்டாள். அவளும் அன்று ஒரு நீலப் பாவாடையைப் போட்டு வந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு வரிசை வீடுகள் எரிந்துபோயின. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்த நேரம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பன்னிரண்டு குடும்பத்துக்குக் கட்டிய துணியோடு நிற்கிற நிலைமை. எங்கள் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. சனிக்கிழமை லாரி வரவேண்டும்.

"பக்கத்து வீடு எரியுது, எதுக்கு வெளியூருக்கு அனுப்பிக்கிட்டு?" என்று முதலில் சொன்னவள் நான். இதை எங்கேயும் மறைக்கவில்லை. எல்லாரும் சரி என்றார்கள். அண்ணி அன்று சாயங்காலமே மூட்டைகளைப் பொது மண்டபத்துக்குக் கொண்டுபோய், அளவு பார்த்து ஆளுக்கு ஆள் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் முழுசா வேலை செஞ்ச மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

எரிந்த வீடுகளில் ஒன்று வாயாடியுடையது.

திங்கட்கிழமை நல்ல குளிர். வாயாடி வாசலில் வந்தாள். அவள் மேல் ஒட்டகச்சிவிங்கி. அளவு பார்த்துக் கொடுத்ததில் அவளுக்கென்று தைத்தது மாதிரி பொருந்தியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அதை மறைக்க முடியாது.

"ஐ! லீடர் அக்கா சட்டை!" என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று கத்தியது. அதன் மேல் தப்பு இல்லை. புல் கொடுத்த பழக்கம். நடைக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் கேலி பேசவில்லை. எல்லாரும் சட்டென்று நல்ல பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. லீடர் ஓடி வந்து, உண்மையான அன்போடு, "உனக்கு நல்லாயிருக்கு. நல்லா வச்சுக்கோ. வாஷிங் மெஷின்ல மட்டும் போடாதே, சுருங்கிடும்," என்றாள்.

வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் பீரியட் முடிவதற்குள் அந்தச் சட்டையை நாலாக மடித்துத் தையல் அறை மேஜையில் வைத்துவிட்டு, குளிரில் வெறும் பருத்திச் சட்டையோடு போய்விட்டாள். அதே நேரத்தில் ஆபீசுக்கு இரண்டு சின்னத் தம்பிகள் வந்தார்கள், அவர்களும் எரிந்த வீட்டுப் பிள்ளைகள். இரண்டு பேரும் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். "ஏன்டா தம்பி?" என்றேன். பெரியவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இப்படிப் போட்டா யாருதுன்னு தெரியாது," என்றான்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். நாங்கள் ஐந்நூறு பேரை வரிசையில் நிற்க வைத்து, இது இவளுடையது, அது அவனுடையது என்று ஊக்குப் போட்டுக் குத்திக் காட்டிவிட்டு, பிறகு அதே ஐந்நூறு பேருக்குள்ளே கொடுத்திருக்கிறோம். மலைக்கு அப்பால் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு தப்பு செய்ய முடியாது. செய்வதற்கு எங்கள் அண்ணியின் சட்டம் வேண்டும், என் யோசனையும் வேண்டும்.

வாயாடி செவ்வாய்க்கிழமை வரவில்லை, புதன், வியாழனும் வரவில்லை. அண்ணி ஊசியைக் கையில் எடுக்கவில்லை. "இனிமே போட்டுக் காட்டும் நாளும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்," என்றாள். லீடர் என் மேஜைக்கு வந்து, "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று அழுதாள். பின்னாலேயே வந்த அண்ணி, "நீ பண்ணலடா. நான் பண்ணேன்," என்றாள். வீட்டில் அண்ணன் அவளைச் சிரிக்க வைக்கிறேன் என்று இஞ்சு டேப்பைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்து காட்டினான். அது எடுபடவில்லை. அவனும் பாவம், டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் வாயாடியைத் தேடிப் போனோம். அவள் அம்மா ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். முதலாளி மாவு மூட்டை வைக்கிற பின்னறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். சுவரோரம் மூட்டைகள், நடுவில் பாய், எங்கே உட்கார்ந்தாலும் முதுகில் வெள்ளை. பக்கத்தில் அடுப்பு எரிந்ததால் அறை கதகதப்பாக இருந்தது. அம்மாவுக்கு எங்கள் மேல் கோபமே இல்லை.

"ஸ்வெட்டர் நல்லாத்தான் டீச்சர் இருந்துச்சு. இவதான் பிடிவாதம் பிடிக்கறா. நீங்களே கேளுங்க," என்று சுடச்சுட ரொட்டியை எங்கள் கையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

வாயாடிதான் பேச்சை ஆரம்பித்தாள். "எனக்கு அந்தச் சட்டை பிடிச்சிருந்துச்சு டீச்சர். லீடர் போட்டு வந்தப்பவே ஆசையா இருந்துச்சு. அதனாலதான் மாறுகண்ணுன்னு சொன்னேன்."

"அப்புறம் ஏன்டா கழட்டி வச்சுட்டு வந்தே?"

பாயில் சிந்தியிருந்த மாவில் விரலால் கோடு கிழித்தாள். "அவ சட்டையைப் போட்டுக்கிட்டு அவகூட இனிமே நான் எப்படிச் சண்டை போடறது?"

அண்ணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குளிரில்லாமல் இருக்கச் சட்டை கொடுத்தோம். பதிலுக்கு அவளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று பன்னிரண்டு வயதுப் பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை ஸ்கூலுக்கு வா," என்றாள். "எல்லார்கிட்டயும் துணியைத் திரும்ப வாங்கி, யாருதுன்னே தெரியாத மாதிரி மாத்தித் தைக்கப்போறேன். கை பத்தாது. உனக்குத் தைக்கத் தெரியும்ல?"

"நீங்கதானே டீச்சர் போன பரீட்சையில எழுபத்தெட்டு போட்டீங்க? எண்பது போட்டிருக்கணும்," என்றாள் வாயாடி.

இது ஏதோ பெரிய உபாயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிஜமாகவே கை பத்தவில்லை. மாற்றித் தைக்கிற யோசனையே அந்த மாவு மூட்டைக்கு நடுவில்தான் அவளுக்கு வந்தது, வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "ஐயையோ, நாலு மெஷின்தானேடி ஓடுது!" என்று தலையில் கை வைத்தாள்.

வெள்ளியும் சனியும் வீடு வீடாக, மண்டபம் மண்டபமாக அலைந்தோம். "ஒரு நாள் கொடுங்க, மாத்தித் தச்சுத் தர்றோம்," என்று கேட்டோம். எல்லாரும் கொடுத்தார்கள், ஒரு கொத்தனாரைத் தவிர. தலைமையாசிரியரின் கல்யாணக் கோட்டு முதல் வருஷம் யாருக்கும் பொருந்தாமல் லாரியிலேயே திரும்பி வந்து, எங்கள் மூட்டைகளோடு கிடந்தது. இப்போது அது இவர் மேல் இருந்தது. பொத்தான் கச்சிதமாகப் பூட்டியிருந்தது.

"இது யாரு கோட்டுன்னு ஊருக்கே தெரியும். தெரியட்டுமே! வேலைக்கு இதைப் போட்டுட்டுப் போனா மேஸ்திரியே எழுந்து நிக்கறார்," என்றார். தலைமையாசிரியர் தெருவில் அவரைப் பார்த்துத் தன் கோட்டுக்கே வணக்கம் சொன்னதாகவும் கேள்வி. எல்லாருக்கும் ஒரே இடத்தில் வலிப்பதில்லை. கோட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் அறுபது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அண்ணி முற்றத்தில் சாய வாளிகளை வைத்துவிட்டு, நீளமேஜைகளை நடைக்கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். உத்தரவு இதுதான்: நீ கொடுத்த துணியை நீயே மாற்று. கை நீளத்தை வெட்டு, காலரை மாற்று, சாயம் போடு, பொத்தானை மாற்று. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துப் போட்டு, உன்னுடையதை உன்னையே தேடச் சொல்வேன். நீ கண்டுபிடித்துவிட்டால் வேலை முடியவில்லை. பிள்ளைகளுக்குத் திருவிழாவே வந்த மாதிரி இருந்தது. முழங்கை வரை நீலமும் சிவப்புமாகத் திரிந்தார்கள். விளையாட்டு ஆசிரியர் தன் மஞ்சள் பேன்ட்டைத் தானே சாய வாளியில் அமுக்கினார். அது அதற்குப் பிறகும் மஞ்சளாகவே வெளியே வந்தது.

வாயாடியும் வந்தாள். நான் கவனக்குறைவாக அவளை லீடர் இருந்த மேஜையிலேயே உட்கார வைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. முதல் ஒரு மணி நேரம் அந்த மேஜையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"கத்திரிக்கோல் நீ முதல்ல எடுத்துக்கோ," என்பாள் லீடர்.

"பரவாயில்ல, நீ எடுத்துக்கோ," என்பாள் வாயாடி.

"இல்ல இல்ல, நீதான்."

"தேங்க்ஸ்."

கத்திரிக்கோல் இரண்டு பேருக்கும் நடுவில் அனாதையாகக் கிடந்தது. அண்ணி என் பக்கத்தில் வந்து, "இவளுங்க மரியாதை என்னைக் கொல்லுதுடி," என்று முணுமுணுத்தாள். ஒட்டகச்சிவிங்கியைப் பிரித்து நூலாக்கி நாலு குழந்தைத் தொப்பிகள் ஆக்கிவிட்டோம். வாயாடிக்கு என் அண்ணன் கடைக்குப் போய்ப் புதுசாக ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்திருந்தான், அவள் அதைப் போட்டிருந்தாள். ஆனாலும் பயன் இல்லை. "தேங்க்ஸ்" தொடர்ந்துகொண்டே இருந்தது. அண்ணி மற்ற மேஜைகளில் சிரித்துப் பேசினாள், கண் மட்டும் இந்த மேஜையை விட்டு நகரவில்லை. இந்தப் பெண் திங்கட்கிழமை வரமாட்டாள், வந்தாலும் இப்படியே கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கே தோன்றிவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுகிற நேரம். லீடர் தான் கொடுத்த இன்னொரு சட்டைக்குப் புதுப் பை வைத்துத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள். வாயாடி எட்டிப் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். அவளால் முடியவில்லை.

"ஏய், உனக்கு அறிவிருக்கா? நாலு பக்கமும் தச்சு வச்சிருக்கே! கையை எப்படி உள்ள விடுவாங்க?"

நடைக்கூடமே திரும்பிப் பார்த்தது. லீடர் முகம் சிவந்துவிட்டது. "நீ மட்டும் என்னத்தைக் கிழிச்சே? உன் தையலைப் பாரு, எறும்பு தண்ணியடிச்சுட்டுப் போன மாதிரி இருக்கு!"

"எறும்பாவது போய்ச் சேர்ந்துச்சு! உன் பைக்கு வாசலே இல்ல!"

"பேசாதே! எழுபத்தெட்டு மார்க்!"

"நீ எழுபத்தஞ்சுடி!"

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். பிள்ளைகளை விலக்கி விடுவது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உட்காரு. நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம்," என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, வாய் மட்டும் காது வரைக்கும் சிரித்தது.

வாயாடி சட்டையின் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். லீடர் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். "விடு! இது நான் கொடுத்த சட்டை!"

"கொடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன உன் சட்டை? கையை எடு!"

லீடர் சட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை எடுத்தாள். பிறகு கத்திரிக்கோலை மேஜை மேல் அவள் பக்கம் வேகமாகத் தள்ளி, "அப்போ நீயே பிரி. நான் பார்த்துக்கிட்டு இருப்பேன், ஒழுங்கா பிரிக்கணும்," என்றாள்.

"இவ பெரிய மேஸ்திரி," என்று சொல்லிக்கொண்டே வாயாடி பிரிக்க உட்கார்ந்தாள்.

அண்ணி அப்போதுதான் என் கையை விட்டாள். "நாளைக்கு வந்துடுவாடி," என்றாள்.

வந்தாள். முதல் பீரியடிலேயே ஜன்னலோர இடத்துக்காக இரண்டு பேரும் போட்ட சத்தத்தில், கணக்கு டீச்சர் இரண்டு பேரையும் வெளியே நிற்க வைத்துவிட்டார்.